முழுக்கு

அச்சரப்பாக்கத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் காலனியில் தகரக் கூரை போட்ட சபை ஒன்று உண்டு. கலைவாணன் கீபோர்டு கற்றுக்கொண்டது அங்கேதான். கற்றுக்கொண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அதுவரை வாசித்துக்கொண்டிருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கீபோர்டு துணி போர்த்திக் கிடந்தது. பாஸ்டர் உலகநாதன், ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த கலையைக் கூப்பிட்டு அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவனாகத் தட்டித் தட்டிப் பார்த்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் பழகிக்கொண்டான். கறுப்புக் கட்டைகள் பக்கம் கை போகவே போகாது.

பாஸ்டருக்கோ பரிசுத்த ஆவியில் நிறைந்து பரவசம் கூடக் கூடச் சுருதியும் ஏறும். பாட்டு ஓரிடத்தில் ஆரம்பித்து வேறிடத்தில் முடியும். முறையாகப் படித்தவனே திணறிப்போவான். கலை அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தான். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது; அதை அழுத்தினால் அதே கட்டைகள் அரைச் சுருதி மேலே பேசும். பாஸ்டர் ஏறினால் கலை பொத்தானை அழுத்துவான், விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். படித்த வாத்தியக்காரர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருஷக் கணக்காக ஒரு சபையே அவன் வாசிப்புக்குக் கை தட்டிப் பாடியது.

கலையின் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்த குடும்பம். அப்பா வரதன் சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அம்மா சந்திரம்மா, கலை பிறந்து சில வருஷம் கழித்துத்தான் சபைக்குப் போக ஆரம்பித்தாள். அதனால் அவனுக்குப் பெயர் மாறவில்லை. பிறகு பிறந்த தங்கைக்குப் பாஸ்டர் ஜாக்குலின் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த டீச்சர், நல்ல மனசுக்காரி, சந்திரம்மாவைத் தனியாக அழைத்துப் பேசினாள். கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. சான்றிதழ் கிடைக்காது, பிள்ளைக்குப் படிப்பிலும் வேலையிலும் அடிபடும், இந்து ஆதிதிராவிடர் என்றே எழுதிவிடு, பெயரையும் அதற்கேற்ற மாதிரி சொல் என்றாள். சந்திரம்மா செத்துப்போன தன் அத்தையின் பெயரைச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தெய்வநாயகி, வீட்டிலும் சபையிலும் ஜாக்குலின்.

இதைப் பித்தலாட்டம் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தைத் தெருவுக்குள் விடாதவர்கள் யாரும், நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு நிறுத்தவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனும் கேட்கவில்லை. வேலை கொடுக்கும் இடத்தில் மட்டும்தான் கேட்கிறார்கள். காலனியில் பாதி வீடுகளில் இப்படி இரண்டு பெயர் புழங்கியது. யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

டிப்ளமோ முடித்த கலை கொஞ்ச காலம் புதுப்பட்டினத்தில் ஓர் இன்னிசைக் குழுவோடு கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசித்தான். அது சோறு போடாது என்று தெரிந்ததும் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் கேப் ஓட்டப் போனான். ஹிப்ஹாப் அவனைப் பிடித்துக்கொண்டது அந்தக் காரில்தான். ஷிப்டு முடிந்து ஆட்கள் வரும்வரை மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பழைய லேப்டாப்பை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்து பீட் செய்துகொண்டிருப்பான். ராப்பில் பாடுகிறவன் வார்த்தையோடு வருவான். அதற்கு அடியில் ஓடும் தாளம், பேஸ், மெட்டு எல்லாவற்றையும் கட்டிக்கொடுப்பவனுக்குத்தான் புரொடியூசர் என்று பெயர். பணம் போடுபவன் இல்லை. இதை அம்மாவுக்குப் புரியவைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்போ பாட்டு உன்னுடையதுதானே, வேறு எவனோ ஏன் பாடுகிறான் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

ஜாக்குலின் கல்லூரி முடித்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தாள். அவர்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் கிடையாது. ஆளை முழுசாகத் தண்ணீரில் அமிழ்த்தி எடுக்கிற முழுக்கு ஞானஸ்நானம். சபைக்காரர்கள் வேன் பிடித்துப் புதுப்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள். படகுகளுக்கு நடுவே மணலில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, அதன் மேல் பேட்டரியில் ஓடும் கீபோர்டு. சபையின் யூடியூப் சேனலுக்காக ஒருவர் செல்போனில் நேரலை செய்துகொண்டிருந்தார். வெள்ளை உடுப்போடு ஜாக்குலின் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லி அமிழ்த்தி எடுத்தார், எடுக்கும்போதே பாட்டை ஒரேயடியாக மேலே ஏற்றினார். ஒரு வரியைப் பாதி வாசித்திருந்த கலை அவசரத்தில் பொத்தானை அழுத்திவிட்டான். மெட்டு நடு வரியில் அரைச் சுருதி தூக்கிப் போட்டது. படியில் கால் தவறியவன் சமாளித்துக்கொண்டு நடப்பதுபோல, அடுத்த தடவையும் அதே இடத்தில் அழுத்தி, வேண்டுமென்றே செய்ததாக ஆக்கினான். மூன்றாம் தடவை வந்தபோது அது தப்பாகவே கேட்கவில்லை. தண்ணீரிலிருந்து எழுந்த ஜாக்குலின் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே காரில் உட்கார்ந்து அந்தச் சறுக்கலை வைத்து ஒரு பீட் கட்டினான். ஃபைலுக்கு ‘முழுக்கு’ என்று பெயர் போட்டான். செய்து முடித்ததும் அவனுக்கே தெரிந்துவிட்டது, அதுவரை செய்ததெல்லாம் வேறு, இது வேறு என்று.

ரோஹித் அவன் காரில் வழக்கமாக ஏறுகிற பையன். அப்பா பார்த்தசாரதிக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் தங்கிவிட்ட குடும்பம். ரோஹித்துக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, சனி ஞாயிறில் ராப். ஒரு நாள் கலை ஸ்பீக்கரில் ‘முழுக்கு’ ஓடவிட்டிருந்தபோது, இது யாரோடது என்று பின் சீட்டிலிருந்து கேட்டான். “என்துதான் சார்” என்றான் கலை. மறுநாளிலிருந்து ரோஹித் முன் சீட்டில் ஏறினான். ஒரு மாதத்துக்குள் சார் போய் மச்சானாயிற்று.

ரோஹித் வரிகளை எழுதிக்கொண்டு வருவான். டவுன்ஷிப் தமிழ். ‘என்ன’ வரும் இடத்தில் ‘இன்னா’, ‘வீடு’ வரும் இடத்தில் ‘வூடு’, எங்கே ‘கீது’, எங்கே ‘கீறான்’ என்று திருத்திக்கொடுத்தது கலை. கடலோரக் குப்பத்துப் பையன் மனசைத் திறந்து பாடுவதுபோல் இருக்கிறது என்று பிற்பாடு எழுதினார்கள். ரோஹித் ஒன்றுமே செய்யவில்லை என்றால் அதுவும் அநியாயம். பாதி வரிகள் அவனுடையவை, குரலும் நல்ல குரல். மெட்டு மட்டும் அவனுடையதில்லை.

‘முழுக்கு’ பாட்டை ஒரு மியூசிக் கம்பெனி வாங்கி வெளியிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? ஷேர் ஆட்டோவில் அந்தப் பாட்டு, கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டு, கைக்குழந்தையைத் தூக்கி ஆட்டுகிற வீடியோவுக்கும் அந்தப் பாட்டு. நடுவில் மெட்டு தூக்கிப் போடும் இடம் வந்தால் கூட்டம் மொத்தமும் எகிறிக் குதிக்கும். பாட்டுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: பாடல், இசை ரோஹித். சில வரிகள் தள்ளி, கீபோர்டு கலை.

கலை கேட்டான். கம்பெனி ஒப்பந்தத்தில் இசைக்கு ஒரு பெயர்தான் போட முடியுமாம். “அடுத்த பாட்டுல ரெண்டு பேர் பேரும் வரும் ப்ரோ” என்றான் ரோஹித். மச்சான் எப்போது ப்ரோவாக மாறியது என்று கலை யோசித்தான். அடுத்த பாட்டும் வந்தது, அதிலும் அவன் கீபோர்டுதான். மேடை நிகழ்ச்சிகளில் ரோஹித்துக்குப் பின்னால் வாசித்தான். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஆட்டம் பாட்டமாக நடந்த நிகழ்ச்சிதான் கடைசி. புதிதாக வந்த இசைக் குழுத் தலைவர் அவன் பொத்தானை அழுத்துவதைப் பார்த்துவிட்டு, லைவில் இதெல்லாம் சரிப்படாது, நோட்டேஷன் பார்த்து வாசிக்கிற ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவன் கைத் தவறிலிருந்து பிறந்த பாட்டையே, அந்தத் தவறைச் செய்பவன் வாசிக்கக் கூடாதாம். கலை கேப்புக்கே திரும்பிப் போனான்.

அதையும் விழுங்கிக்கொண்டிருப்பான். ஆனால் ஒரு நாள் பின் சீட்டில் ஒரு பெண் செல்போனில் ரோஹித்தின் பேட்டியைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் கல்பாக்கம் கடலில் ஓர் அலை தன்னைப் புரட்டிப் போட்டதாகவும், அந்த உணர்வுதான் அந்தத் தூக்கலாக வந்ததாகவும் ரோஹித் சொல்லிக்கொண்டிருந்தான். கதை நன்றாகத்தான் இருந்தது. கலை அவளை இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டி ஸ்டீயரிங்கில் குத்தினான். அவனுக்கு வேண்டியது பெயர். பாட்டைக் கேட்கிறவன், இது கலைவாணன் செய்தது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சாட்சி இருந்தது. சபையின் சேனலில், பாட்டு வெளிவருவதற்கு ரொம்ப நாள் முன்பே, தேதியோடு. கடற்கரை, பாஸ்டரின் குரல், பிளாஸ்டிக் மேஜை, அவன் கை, அந்தச் சறுக்கல், எல்லாம். அந்தத் துண்டை வெட்டி, பக்கத்தில் ரோஹித்தின் பாட்டை ஒட்டி, இது யாருடைய மெட்டு என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டான். போடுவதற்கு முன் பல தடவை ஓடவிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தன் கையை மட்டும்தான் பார்த்தான்.

காட்டுத்தீயாகப் பரவியது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவனுக்காகச் சண்டை போட்டார்கள். மறுநாள் மியூசிக் கம்பெனியிலிருந்து வைஷாலி என்ற பெண் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். சேனலில் இருக்கும் மூல வீடியோவைச் சரிபார்த்துவிட்டால் ‘இசை: கலைவாணன், ரோஹித்’ என்று மாற்றிவிடலாம், அவன் பெயரே முதலில் வரும் என்றாள். கலை அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னான். இப்போதாவது கேட்டார்களே என்றாள் சந்திரம்மா. அன்று மத்தியானம் அந்த வீட்டில் எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் அந்தக் கமெண்ட் வந்தது. ஜாக்குலின் அப்போது அரசுப் பணித் தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, இளநிலை உதவியாளர் ஆர்டருக்காகக் காத்திருந்தாள். அதே தேர்வை எழுதி, சரிபார்ப்பில் அவளைப் பார்த்திருந்த, வாய்ப்பை விட்ட எவனோ எழுதியிருந்தான்: தண்ணீரில் முங்கி எழுகிற பெண் தெய்வநாயகி இல்லையா, எஸ்.சி. கோட்டாவில் வந்தவள், ஞானஸ்நானம் எடுக்கிறாளே, இது என்ன கூத்து? கீழே அவள் முகம் மட்டும் தனியாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. மெட்டு யாருடையது என்ற சண்டை போய், அந்தப் பெண் யார் என்ற சண்டை ஆரம்பித்துவிட்டது. பெட்டிஷன் போடுங்கள் என்று நான்கு பேர் யோசனை சொன்னார்கள்.

ஜாக்குலின் போனைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். “அதுல நான் கீறதே உன் கண்ணுக்குத் தெரிலியாண்ணா?” என்று மட்டும் கேட்டாள். அவன் அதை வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு வலித்தது.

வீடியோவை எடுத்தான். ஊர் முழுக்கப் போன பிறகு எடுத்து என்ன பிரயோசனம்? பாஸ்டரிடம் போய்ச் சேனலில் இருப்பதையும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினான். “நீ அழிக்கச் சொல்றது வீடியோவ இல்ல தம்பி, ஒரு ஆத்துமா குட்த்த சாட்சிய” என்றார் உலகநாதன். ஆனாலும் எடுத்தார். அவர் சபையிலும் இரண்டு பெயர்க்காரர்கள்தானே பாதிப் பேர்.

அதுவும் போதாது என்று கலைக்குத் தெரிந்தது. பிரதி எடுத்தவன் வைத்திருப்பான். வீடியோவை மறைத்துப் பயனில்லை, அதைப் பொய்யாக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காரை ஓட்டிக்கொண்டே யோசித்தான். அது ஞானஸ்நானமே இல்லை, ‘முழுக்கு’ பாட்டுக்காக எடுத்த ஷூட்டிங் என்று சொல்லிவிட்டால்? தங்கை நடித்தாள் என்று சொல்லிவிட்டால்? நடித்ததற்காக யார் வேலையையும் யாரும் பறிக்க முடியாது. ஆனால் ஷூட்டிங் என்றால் பாட்டு அதற்கு முன்பே இருந்ததாக ஆகும், ரோஹித்தின் பாட்டாக ஆகும். ரோஹித்தும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் டவுன்ஷிப்புக்கு வண்டியைத் திருப்பினான்.

ரோஹித்தின் அம்மா வசுமதி காபி கொண்டுவந்து வைத்தாள். பார்த்தசாரதி பேப்பரை மடித்துவிட்டு முழுவதையும் கேட்டார். “ரெண்டு பக்கமும் வேணும்னா எப்படிப்பா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சரியாக வராத மாணவனிடம் சொல்வதுபோல் சொன்னார். அவர் பிள்ளை குவார்ட்டர்ஸில் வளர்ந்து குப்பத்தின் வாயால் பாடிப் பேர் வாங்கியவன். அவனுக்கு எத்தனை பக்கம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. கலை காபியைக் குடித்தான். வேறு என்ன செய்வது?

“ஒரு உதவி சார்” என்று ரோஹித்தைப் பார்த்துக் கேட்டான். சார் தானாக வந்துவிட்டது.

ரோஹித் எக்காளமிட்டிருந்தால் தேவலை. அவன் கண் கலங்கினான். உங்கள் தங்கைக்காக நான் இதைச் செய்கிறேன் என்று கலையின் கையைப் பிடித்துக்கொண்டான். தான் தர்மம் செய்வதாக அந்த நிமிஷம் அவன் நிஜமாகவே நம்பினான். பால்கனியில் நல்ல வெளிச்சம் இருந்தது. அங்கேயே நின்று வீடியோ எடுத்தார்கள். ரோஹித்தின் கை கலையின் தோள் மேல் கிடந்தது.

“அந்த வீடியோல கீறது ஞானஸ்நானம் இல்ல, எங்க பாட்டுக்கு எட்த்த ஷூட்டிங்கு. என் தங்கச்சி நடிச்சிது. மெட்டு ரோஹித்தோடது. பொறாமைல நான்தான் தேதி மாத்தி, வெட்டி ஒட்டிப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

குரல் நடுங்கியது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கலை கேட்டான். வேண்டாம், இதுதான் இயற்கையாக இருக்கிறது என்றான் ரோஹித்.

கலைக்காகச் சண்டை போட்ட அத்தனை பேரும் திரும்பி நின்று காறித் துப்பினார்கள். திருட்டுப் பயல், பொறாமை பிடித்தவன், இவனை நம்பினோமே. வைஷாலி இரண்டு வரியில், இனித் தொடர்பு வேண்டாம் என்று நாகரிகமாக எழுதினாள். அவன் பீட்டுக்காகப் பேசிக்கொண்டிருந்த மற்ற ராப் பையன்கள் போனை எடுக்கவில்லை. பாட்டுக்குக் கீழே இருந்த கீபோர்டு கலையும் ஒரு நாள் காணாமல் போனான். பெட்டிஷன் வரவில்லை, அல்லது வந்து எடுபடவில்லை. ஆர்டர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனபோது கீபோர்டின் முன்னால் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். பாஸ்டர் கலையைத் திட்டவில்லை. ஞானஸ்நானத்தை நாடகம் என்று ஊரறியச் சொன்னவன் இங்கே வாசிக்க முடியாது, சபையார் ஒப்பமாட்டார்கள் என்று தனியாக அழைத்துச் சொன்னார். முதல் வரிசையில் இருந்த சந்திரம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கலை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். புதிய ஆள் கறுப்புக் கட்டைகளிலும் வாசித்தான்.

ஜாக்குலின் மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு தாலுக்கா அலுவலகத்தில் தெய்வநாயகியாகச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரம் கலை அவளைக் காரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டான். வீட்டில் அவள் அந்த விஷயத்தைப் பேச்சுக்குக்கூட எடுத்ததில்லை. நன்றி என்று சொல்ல வேண்டாம், ஏதாவது ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று அவன் மனசு ஏங்கியது.

“உனக்கோசரம்தான் அப்டி சொன்னேன்” என்றான்.

“தெரியும்ண்ணா” என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். “நான் தண்ணில முங்கி எழுந்தது நெசம்ண்ணா. நெசமாத்தான் முங்குனேன். அத நாடகம்னு சொல்லிட்ட.”

“வேற இன்னா வழி இருந்திச்சி? கேட்டிருந்தா வாணாம்னு சொல்லிருப்பியா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்ல விருப்பமில்லாதவள் யோசிக்கிற மாதிரி யோசித்தாள். “தெரில. சொல்லுன்னுகூட சொல்லிருப்பேன். வேல எனக்கும் வேணும்தான். ஆனா அப்ப அது நான் சொன்ன பொய்யி. இப்ப நீ சொன்ன பொய்யில நான் பொழைக்கிறேன்.” பஸ் வருவதைப் பார்த்துக் கதவைத் திறந்தாள். “ரோஹித்து உன்ன ஒரு வார்த்த கேக்காம எட்துகினான்னு எத்தினி நாளா பொலம்பிகினு கீற. வீடியோ போட்றப்போ என்னக் கேட்டியா? நாடகம்னு சொல்றப்போ கேட்டியா?”

அவள் பஸ்ஸில் ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். கலை காருக்குப் பக்கத்திலேயே நின்றான். பெயர், பாட்டு, சபை எல்லாம் போன பிறகும் ரோஹித்தின் மேல் இருந்த கோபம் ஒன்றுதான் அவனுக்கென்று மிச்சமாக இருந்தது. இப்போது அதை நினைத்தாலும் கூடவே தன் முகமும் வந்து நின்றது.